தவணைக் கைப்பேசியும் ரொக்கக் கைப்பேசியும்

பூஜை நெருங்குகிறது. நியூ டவுன் வீதிகளில் மூங்கில் கழிகள் நடப்பட்டுப் பந்தல்கள் எழுகின்றன. பந்தல்களுக்கு முன்பே விளம்பரப் பலகைகள் எழுந்துவிட்டன. கையில் காசில்லாமல் வா, கைப்பேசியோடு போ என்று அவை நம்மை அழைக்கின்றன. நம் ஊரில் ஆடித் தள்ளுபடி எவ்வாறோ, வங்கத்தில் பூஜைத் தள்ளுபடி அவ்வாறே.

நம் சங்கத்து நண்பர்கள் சிலர் இவ்வாண்டு புதிய கைப்பேசி வாங்கும் எண்ணத்தில் இருக்கின்றனர். முழு விலையையும் கொடுத்து வாங்குவதா, தவணையில் வாங்குவதா என்பது அவர்கள் கேள்வி. இக்கேள்விக்குள் மற்றொரு கேள்வி மறைந்து கிடக்கிறது. வாங்கும் கைப்பேசிக்கு ஆயுள் எத்தனை ஆண்டு? இரண்டாம் கேள்விக்கு விடை காணாமல் முதற் கேள்விக்கு விடை கூற இயலாது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைப்பேசி ஆடம்பரமா?

மாணவனுக்குக் கைப்பேசி ஆடம்பரம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளி மாநிலத்தில் படிக்கும் நம் நிலையை அவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து தந்தையார் அனுப்பும் பணம் அதன் வழியாகவே வருகிறது. டோட்டோக்காரருக்கு நாம் கொடுக்கும் பத்து ரூபாயும் அதன் வழியாகவே போகிறது. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வரும் இரகசிய எண், தேர்வு நுழைவுச் சீட்டு, ஷாலிமாரில் புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரசின் பயணச் சீட்டு ஆகிய அனைத்தும் அதனுள் அடக்கம். கடைக்காரரின் வங்காள மொழி புரியாதபோது நமக்கு மொழிபெயர்ப்பாளனும் அதுதான்.

ஆகவே கைப்பேசி கெட்டால் பேச்சு மட்டும் நிற்பதில்லை. வாழ்க்கையே ஒரு நாள் நின்றுபோகிறது. அதிலுள்ள பாதுகாப்பு கெட்டாலோ, வீட்டார் வயிற்றைக் கட்டி அனுப்பிய பணமே போய்விடக்கூடும். இத்துணை முக்கியமான பொருளை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் கணக்குப் போடுவது தவறாகாது.

ஒப்பந்தம் நம் நாட்டில் ஏன் வேரூன்றவில்லை?

இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் இந்தக் கல்கத்தா நகரத்தில்தான் தொடங்கிற்று. 1995 ஜூலை 31 அன்று, அப்போதைய முதலமைச்சர் ஜோதிபாசு ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். சேவையை அளித்தது மோடி டெல்ஸ்ட்ரா என்னும் நிறுவனம். அந்நாளில் அழைப்பவர் மட்டுமல்லர், அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அம்முறை 2003 மே மாதத்தில்தான் ஒழிந்தது.

அதே 2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. 501 ரூபாய் கட்டினால் கைப்பேசி கையில் கிடைக்கும். மீதி விலை மாதக் கட்டணத்தோடு சேர்ந்து வரும். மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆனால் அக்கைப்பேசியில் வேறு நிறுவனத்தின் சேவையைப் பெற முடியாது. அது ஒரே கொட்டிலில் கட்டிய மாடு. வாங்கியவர்களிற் பலர் பிறகு மாதப் பணத்தைக் கட்டாமல் நிறுத்திவிட, நிறுவனத்துக்கு வராக்கடன் பெருகியது. ஒப்பந்தக் கைப்பேசியின் இரு பக்கத் துன்பங்களையும் நம் நாடு அன்றே கண்டுவிட்டது எனலாம்.

பின்னர் முன்பணச் சேவை பெருகியது. சிம் அட்டை வேறு, கைப்பேசி வேறு என்ற முறை நிலைபெற்றது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடு முழுவதற்கும் கிடைத்தது. ஆதலால் இன்று இந்தியாவில் ஒப்பந்தம் என்ற சொல்லை நாம் மிகுதியாகக் கேட்பதில்லை. அதன் இடத்தில் மாதத் தவணை வந்து அமர்ந்திருக்கிறது. முன்பு நம்மைக் கட்டிப் போட்டது சேவை நிறுவனம். இப்போது கட்டிப் போடுவது கடன் நிறுவனம். கயிறு மட்டும் மாறவில்லை.

மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லவிருக்கும் நண்பர்கள் பழைய ஒப்பந்த முறையையும் அறிந்திருப்பது நலம். 2008 ஆம் ஆண்டில் ஐஃபோன் 3ஜி அமெரிக்காவில் 199 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் அது இந்தியாவுக்கு வந்தபோது விலை 31,000 ரூபாய்! நம்மவர்கள் திகைத்தனர். உண்மை யாதெனில், அமெரிக்கர் வாங்கியது விலைச் சீட்டின் முதற் பக்கத்தை மட்டுமே. ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்தின் ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மாதாமாதம் கட்டணத்தோடு மீதி விலையையும் அவர்கள் கொடுத்து வந்தனர். நமக்கு முழு விலையும் ஒரே பக்கத்தில் தெரிந்தது, அவ்வளவே வேறுபாடு.

பிரிட்டனில் இதனினும் வேடிக்கையான நிலை. ஒப்பந்தக் காலம் முடிந்து கைப்பேசியின் விலை முற்றும் தீர்ந்த பிறகும், சில நிறுவனங்கள் அதே மாதத் தொகையைத் தொடர்ந்து பெற்று வந்ததைச் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு 2017இல் வெளிப்படுத்தியது. ஆகவே அயல்நாட்டில் ஒப்பந்தம் எடுப்பவர் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றே சிம் மட்டும் தரும் மலிவுத் திட்டத்துக்கு மாறிவிட வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்னும் மாயம்

வட்டியே இல்லாமல் ஒருவன் கடன் கொடுப்பானா? நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இந்திய ரிசர்வ் வங்கியும் 2013 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில், சுழிய வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று என்றும், வட்டி வேறு கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்றும் வங்கிகளுக்கு எடுத்துரைத்தது.

அந்த மறைவை ஒரு கணக்கால் திறந்து பார்ப்போம். கைப்பேசியின் விலை 24,000 ரூபாய். கடன் அட்டையில் 12 மாதத் தவணை. மாதம் 2,000 ரூபாய். கூட்டினால் 24,000 தானே, வட்டி எங்கே என்று தோன்றும். வங்கியின் ஏட்டில் கணக்கு வேறு. ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், வங்கி கடைக்காரருக்குக் கொடுத்த கடன் தொகை ஏறக்குறைய 22,159 ரூபாய்தான். மீதி 1,841 ரூபாய் வட்டி. அதைக் கடைக்காரரோ உற்பத்தியாளரோ தள்ளுபடியாக ஏற்றிருக்கிறார். கடன் அட்டை வட்டிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அது 331 ரூபாய். அதை ஏற்பவர் நாம். நடைமுறைக் கட்டணம் 199 ரூபாய் என்றால், அதற்கும் வரி சேர்த்து 235 ரூபாய். ஆக, வட்டியில்லாத் தவணைக்கு நாம் கொடுத்தது 566 ரூபாய்.

இதனோடு முடிந்துவிடவில்லை. முழுப் பணம் கொடுப்பவருக்கு ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், அந்த ஆயிரமும் தவணைக்காரரின் செலவே. எனவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி தவணை எவ்வளவு என்பதன்று. ரொக்கமாகக் கொடுத்தால் கடைசி விலை எவ்வளவு என்பதே. பிறகு தவணையின் மொத்தச் செலவைக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உண்மையான வட்டி.

கடன் அட்டை இல்லாத மாணவருக்குக் கடையிலேயே மேசை போட்டு அமர்ந்திருக்கும் கடன் நிறுவனத்தார் உதவ முன்வருவர். அவர்கள் சொல்லும் வட்டியில் ஒரு நுட்பம் உண்டு. 24,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு நேர்வட்டி என்றால் ஆண்டுக்கு 2,880 ரூபாய். மாதத் தவணை 2,240 ரூபாய். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் முதல் மாதமே நாம் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஆறாம் மாதத்தில் ஏறக்குறைய பாதி அசல்தான் நம்மிடம் இருக்கிறது. வட்டியோ முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அந்த 12 விழுக்காடு உண்மையில் ஏறத்தாழ 21.5 விழுக்காடாகும்.

கைப்பேசியின் ஆயுள் எங்கே எழுதியிருக்கிறது?

நம் கிராமத்தில் மாடு வாங்குபவர் கொம்புக்குப் பூசிய வண்ணத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். பல்தான் வயதைச் சொல்லும். கைப்பேசிக்கும் அப்படி ஒரு பல் உண்டு. அதற்குப் பெயர் மென்பொருள் புதுப்பிப்பு.

புதுப்பிப்பு இரு வகைப்படும். முதல் வகை ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பு. புதிய தோற்றமும் புதிய வசதிகளும் கொண்டது. இது வராவிட்டாலும் சில காலம் ஓட்டலாம். இரண்டாம் வகை பாதுகாப்புத் திருத்தம். மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலை இது. உயிர்நாடி இதுவே.

2015 ஜூலையில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் ஓட்டை வெளிப்பட்டது. தீய நோக்குடன் அமைத்த ஒரு படச்செய்தி வந்தாலே போதும், கைப்பேசி அயலார் வசமாகக்கூடும் என்று தெரியவந்தது. அதன் பின்னரே, ஆகஸ்டு மாதம் முதல், மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடும் வழக்கத்தைக் கூகிள் தொடங்கியது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணிப்பொறிகளை முடக்கிய வான்னக்ரை தாக்குதலையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சு மாதத்தில், வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்ற கணிப்பொறிகள் தப்பின. ஏற்காதவற்றுள் பல வீழ்ந்தன. திருத்தமே வராத கைப்பேசியின் நிலை என்ன என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

திருத்தம் ஏன் ஒரு நாள் நின்றுபோகிறது? ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு மூன்று தாய்கள். உள்ளே இருக்கும் சில்லைச் செய்தவர், மென்பொருளைச் செய்த கூகிள், இரண்டையும் இணைத்து நம் கையில் தந்த உற்பத்தியாளர். கூகிள் திருத்தம் எழுதினால் மட்டும் போதாது. அதைத் தம் சில்லுக்கும் தம் கருவிக்கும் ஏற்றபடி மற்ற இருவரும் பொருத்தித் தர வேண்டும். பழைய கருவிக்கு உழைப்பதால் அவர்களுக்குப் புதிய வருமானம் இல்லை. ஆதலால் ஒரு நாள் கைவிட்டுவிடுகின்றனர். கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கும். காவல்காரன் மட்டும் வேலையை விட்டுப் போயிருப்பான்.

நாளடைவில் செயலிகளும் கைவிடத் தொடங்கும். 2025 தொடக்கத்திலிருந்து வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 5க்குக் குறைந்த பதிப்புகளில் இயங்குவதில்லை. வங்கிச் செயலிகளும் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கி வருகின்றன.

நல்ல செய்தியும் உண்டு. 2023இல் வந்த பிக்சல் 8க்குக் கூகிளும், 2024இல் வந்த கேலக்சி எஸ்24க்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு அளிப்பதாக உறுதி கூறின. இவை விலை மிகுந்தவை என்று நீங்கள் சொல்லலாம். குறைந்த விலையிலும் 2024இல் வந்த கேலக்சி ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்டுகள் உறுதியளிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது: ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்தாண்டுகள் புதுப்பிப்புத் தர வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நம் நாட்டில் இத்தகைய கட்டாயம் இல்லாமையால், பல்லைப் பிடித்துப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவரான நம்முடையதே.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக் கணக்கு நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதன்று. அந்த மாதிரி முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவது. பண்டிகைத் தள்ளுபடியில் மிகவும் மலிந்து கிடப்பவை பெரும்பாலும் ஓராண்டோ ஈராண்டோ கடந்த மாதிரிகளே. விலை குறைந்திருக்கிறது என்று மகிழ்கிறோம். ஆயுளும் குறைந்திருப்பதை மறந்துவிடுகிறோம்.

தவணையும் ஆயுளும் சந்திக்கும் இடம்

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் 24 மாதத் தவணையில் கைப்பேசி வாங்கினார். நான்காண்டு உறுதி பெற்ற மாதிரி அது. அவர் வாங்கியபோது சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மிஞ்சியது 16 மாதங்கள். கடைசி எட்டுத் தவணைகளை அவர் காவல் இல்லாத கைப்பேசிக்குக் கட்டினார். இடையில் ஊரில் மழை பொய்த்து வீட்டிலிருந்து பணம் வராத இரண்டு மாதங்களில் தவணை தவறியது. அபராதம் சில நூறு ரூபாய்தான். ஆனால் மறு ஆண்டு கல்விக் கடனுக்காக அவர் வங்கிக்குச் சென்றபோது, அந்த இரண்டு மாதத் தவறும் கடன் மதிப்பீட்டு அறிக்கையில் அவருக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. சில ஆயிரம் ரூபாய்க் கைப்பேசி சில இலட்ச ரூபாய்ப் படிப்புக்குக் குறுக்கே நின்றது. விளக்கம் எழுதிக் கொடுத்து, பிணையாளர் ஒருவரைத் தேடிப் பிடித்த பிறகே கடன் கிடைத்தது.

எளிய சூத்திரம்

விலை, வட்டி, கட்டணங்கள், இடையில் ஒரு முறை மின்கலம் மாற்றும் செலவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். எஞ்சியுள்ள புதுப்பிப்பு மாதங்களால் வகுங்கள். கிடைப்பது பாதுகாப்பான ஒரு மாதத்தின் விலை.

முதற் கைப்பேசி: தள்ளுபடி விலை 12,000 ரூபாய், நான்காண்டு உறுதி, சந்தைக்கு வந்து 18 மாதங்கள் கடந்தவை. எஞ்சியவை 30 மாதங்கள். மாதத்துக்கு 400 ரூபாய்.

இரண்டாம் கைப்பேசி: விலை 21,000 ரூபாய், ஆறாண்டு உறுதி, வந்து மூன்று மாதங்களே ஆயின. மின்கலம் மாற்ற 2,100 ரூபாய். மொத்தம் 23,100. எஞ்சியவை 69 மாதங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 335 ரூபாய்.

விலை மிகுந்தது மலிவாகிவிட்டது! ஆயினும் இச்சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கைப்பேசியை அத்தனை காலம் காப்பாற்ற வேண்டும். இரண்டாவது நான்காம் ஆண்டு முடிவில் மின்கலம் மாற்றும் முன்பே தொலைந்துபோனால், 21,000 ரூபாயை 48 மாதங்களால் வகுக்க வேண்டும். மாதத்துக்கு 437 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். பேருந்தில் அடிக்கடி கைப்பேசியைப் பறிகொடுப்பவருக்கு முதலாவதே ஏற்றது. தன் இயல்பைத் தானே அறிந்து கணக்கிடுவதே முறை.

ஆகவே என் செய்வது?

சேமிப்பு இருந்தால் ரொக்கத்தில் வாங்குங்கள். பழைய கைப்பேசிக்கு இன்னும் திருத்தம் வருமானால், சாந்தினி சௌக்கில் மின்கலத்தை மாற்றி ஓராண்டு ஓட்டுங்கள். அந்த ஓராண்டில் மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கினால் 18,000 சேரும். தவணை கட்டும் அதே கட்டுப்பாடுதான். முன்னால் கட்டினால் சேமிப்பு, பின்னால் கட்டினால் கடன்.

கைப்பேசி உடைந்துவிட்டது, கையில் பணமில்லை என்ற நிலையில் தவணை எடுப்பது குற்றமன்று. ஆனால் எஞ்சியுள்ள புதுப்பிப்புக் காலத்தின் பாதிக்குள் தவணை முடிந்துவிட வேண்டும். வீட்டிலிருந்து இரண்டு மாதம் பணம் வராவிட்டாலும் கட்ட வல்ல தொகையாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தாவிட்டால் விலை குறைந்த கைப்பேசியைத் தேடுங்கள்.

பழைய கைப்பேசி வாங்குவோர், அமைப்புகளில் கைப்பேசி பற்றிய பகுதியைத் திறந்து, பாதுகாப்புத் திருத்தத்தின் கடைசித் தேதியைப் பாருங்கள். பல மாதங்களுக்கு முந்தியதாக இருந்து, புதிய திருத்தமும் வராவிட்டால் கடையை விட்டு நடவுங்கள். பிறகு அதன் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டுக் கைப்பேசி என்று முடக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

நண்பர்களே, கடைக்காரர் நமக்குக் காட்டுவது மாதத் தொகை ஒன்றை மட்டுமே. மொத்தத் தொகை எவ்வளவு, எஞ்சிய ஆயுள் எவ்வளவு என்ற இரண்டையும் அவர் தாமாகச் சொல்லமாட்டார், கேட்டால்தான் சொல்வார். கேட்பதற்கு நாணம் வேண்டியதில்லை. நம் கையிலுள்ளது ஊரில் ஒருவர் வெயிலில் நின்று ஈட்டிய பணம். அதற்காக இரண்டு கேள்விகள் கேட்பது நம் கடமையாகும்.